ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்

ராயபுரத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். தெருவில் நடந்தால் "கணக்கு சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் வாங்கப் போனால்கூட "சாருக்குத் தெரியாத கணக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்கள். அந்தப் பெயரில் எனக்கிருந்த பெருமையை நான் வெளியில் காட்டிக்கொண்டதில்லை. உள்ளே நிறைய இருந்தது. எவ்வளவு இருந்தது என்பது என் மனைவி என்னை மிஞ்சிப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நாற்பத்தொன்றாவது வயதில் நான் மறுபடியும் மாணவனானேன். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஓய்வு பெறப் போகிறார், அதற்கான பட்டம் இருந்தால் அந்த வகுப்புகளை எனக்கே தரலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் நேர்முக வகுப்பு. முதல் பருவத்தில் ஐந்து தாள்கள். நான்கில் தேறினேன். தர்க்கம் என்ற தாளில் தோற்றேன்; என்னைப் போல் தோற்றவர்கள் எல்லாரும் அடுத்த பருவத்தில் அந்த வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும்.

கணக்கு வாத்தியார் தர்க்கத்தில் தோற்றான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொல்வது யாரிடமும் சொல்லாததற்குச் சமம் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தாளில் இரண்டு வகை இருக்கிறது. ஒரு கூற்று உண்மையா பொய்யா என்று அட்டவணை போட்டுப் பார்ப்பது ஒன்று. கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போனால் விடை தானாக வந்து விழும். அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. இன்னொன்று நிறுவல். கொடுத்த கூற்றுகளிலிருந்து தொடங்கி, அனுமதித்த சில விதிகளை மட்டும் வைத்து, வரி வரியாக முடிவுக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த வரியிலிருந்து, எந்த விதியால் வந்தது என்று எழுத வேண்டும். நடுவில் புதிதாக ஒன்றை 'இப்படி வைத்துக்கொள்வோம்' என்று அனுமானிக்கலாம். அப்படி அனுமானித்தால் ஒரு பெட்டி போட்டு, அதற்குள்ளேயே வேலையை முடித்து, பெட்டியை மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். எதை அனுமானிப்பது என்பதை எந்த விதியும் சொல்லாது. அது தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

திருவொற்றியூரில் நாங்கள் இருவரும் குடியிருந்த வீடு இரண்டாவது மாடியில். முன்னறையில் சாப்பாட்டு மேசை, ஜன்னலோரம் அவளுடைய மோட்டார் வைத்த தையல் மெஷின். வண்ணாரப்பேட்டையில் அவள் அப்பா துணிக்கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். அங்கே வாங்கும் சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துத் தருவது இவள் வேலை. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். பிளஸ் டூவில் அவள் படித்தது வணிகவியல். எங்களுக்கு ஆகியிருந்த பத்து வருடத்தில் அவள் என் புத்தகம் எதையும் திறந்து பார்த்ததில்லை. நானும் காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்ததும் மேசையில் உட்கார்ந்தேன். நான்கு நாளாக ஒரே கணக்கு. 'மழை பெய்கிறது அல்லது மழை பெய்யவில்லை.' இதை நிறுவ வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும் இது உண்மையென்று. ஆனால் கொடுக்கப்பட்ட கூற்று என்று ஒன்றும் கிடையாது. வெறுங்கையோடு தொடங்க வேண்டும். தாளைக் கசக்கி எறிந்தேன். அது மெஷினுக்குக் கீழே போய் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்துப் பிரித்தாள்.

"என்னங்க இது, அம்பு அம்பா போட்டிருக்கு?"

"உனக்குப் புரியாது."

"சொல்லுங்களேன். கரண்டு வர்ற வரைக்கும் நானும் சும்மாதானே உக்காந்திருக்கேன்."

சொன்னேன். பத்து நிமிடம். அம்பு என்றால் 'எனில்' என்று அர்த்தம், இந்தக் கொக்கி 'அல்ல', இது 'அல்லது'. ஒன்றும் அதற்கு எதிரானதும் ஒன்றாக வந்தால் முட்டுகிறது என்று பொருள். முட்டினால் அனுமானித்தது தப்பு. பெட்டியைப் பற்றிச் சொன்னபோது அவள் இடைமறித்தாள்.

"ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்னு சொல்லுவோமே, அதானே?"

"ஆங். அது மாதிரிதான்."

"பேச்சுக்குச் சொன்னத வெளிய எடுத்துட்டு வந்து நெசம்னு சொல்லக்கூடாது. அதுக்குத்தான் பெட்டி."

நான் பதினைந்து வகுப்பு உட்கார்ந்து புரிந்துகொண்டதை அவள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று என்னைத்தான் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை இட்லித் தட்டோடு ஒரு அட்டையையும் கொண்டுவந்து வைத்தாள். சேலை மடிப்புக்குள் வைத்து வருமே, அந்த அட்டை. அதன் பின்பக்கம் பென்சிலால் ஆறு வரி, ஒரு பெரிய பெட்டி, அதற்குள் ஒரு சின்னப் பெட்டி.

"சரியான்னு பாருங்க. இந்த முழுசும் பொய்னு பேச்சுக்கு வச்சுக்கிட்டேன். அதுக்குள்ளயே, மழை பெய்யுதுன்னு இன்னொரு பேச்சுக்கு. பெய்யுதுன்னா 'பெய்யுது அல்லது பெய்யல' வந்துடுது இல்ல? அது பொய்னு மொதல்லயே சொல்லிட்டோம், முட்டுது. அப்ப பெய்யல. பெய்யலன்னாலும் அதே 'பெய்யுது அல்லது பெய்யல' வந்துடுது. திரும்ப முட்டுது. அப்ப மொதல்ல பேச்சுக்கு வச்சதே தப்பு. அவ்ளோதான்."

நான் அட்டையைக் கையில் எடுத்தேன். இட்லி ஆறியது. ஒவ்வொரு வரியாகத் தப்புத் தேடினேன். படித்தேன் என்று சொல்ல மாட்டேன், தேடினேன். பத்தாம் வகுப்பு விடைத்தாளில் எனக்குப் பிடிக்காத பையனின் தாளை எப்படிப் பார்ப்பேனோ அப்படி. மூன்று முறை மேலிருந்து கீழே வந்தேன். தப்பு இல்லை.

"பரவால்ல," என்றேன். "ஆனா எழுதற முறை இதில்ல. வரி நம்பர் போடணும்."

"போடறேன்," என்றாள். முகம் மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது. எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. பசி என்று நினைத்து அந்த ஆறிய இட்லியைச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு என் புத்தகத்தில் பென்சில் டிக் வரத் தொடங்கியது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் இருபது, இருபத்தைந்து பயிற்சிகள். நான் பள்ளிக்குப் போனதும் அவள் நாளுக்கு ஒன்றிரண்டு போட்டிருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் புத்தகத்தைப் பிரித்து எத்தனை டிக் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். நான் ஆறாவது பயிற்சியில் இருந்தபோது அவள் பதினொன்றில் இருந்தாள். நான் ஒன்பதுக்கு வந்தபோது அவள் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருந்தாள்.

நான் ஓட ஆரம்பித்தேன். ஆசிரியர் அறையில், தேர்வு மேற்பார்வையில், ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, எங்கும் நிறுவல்தான். ரயில் தவறவிட்டால்கூடக் கவலையில்லை, ஒரு பயிற்சி முடிந்தால் போதும். இப்படி ஒருவன் தன் மனைவியோடு பந்தயம் ஓடுகிறான், மனைவிக்கு அது தெரியவே தெரியாது. அவள் பந்தயம் ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

மெஷின் மிதித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று நிறுத்துவாள். ஊசி துணியில் இறங்கியபடி நிற்கும். வெளியே எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், அவள் காதில் விழாது. கொஞ்ச நேரத்தில் தனக்குத்தானே சிரிப்பாள். எனக்குத் தெரியும், ஏதோ ஒரு நிறுவல் கூடி வந்துவிட்டது. வேறொருவனை நினைத்துச் சிரிக்கும் மனைவியைப் பார்க்கிற கணவனுக்கு என்ன இருக்குமோ அதுதான் எனக்கு இருந்தது. சந்தேகப்பட ஆள் இல்லாததால் அந்தப் பொறாமை முழுவதும் அவள் மேலேயே விழுந்தது.

ஒரு ஞாயிறு ராயபுரத்துக் கோவிலில் முழந்தாளில் நின்று, அவள் ஒரு கணக்காவது தப்பாகப் போட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அவள் பக்கத்தில் முக்காட்டோடு நின்றிருந்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது கோபம், பொய், சோம்பல் எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைப்பு வந்தது. பத்துக் கேள்விகள். ஏழாவது எனக்கு வரவில்லை. 'இரண்டும் உண்மை என்பது இல்லை' என்று கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து 'ஒன்று பொய், அல்லது மற்றது பொய்' என்று நிறுவ வேண்டும். சனிக்கிழமை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வரை தலையை உடைத்துக்கொண்டேன். அவள் சமையலறையில் இருந்தபோது மெஷின் டிராயரைத் திறந்து அவளுடைய அட்டைகளைத் தேடினேன். நூல்கண்டுகளுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தாள். மேசையில் கிடந்த ஒப்படைப்புக் கேள்விகளையும் அவள் போட்டுப் பார்த்திருந்தாள்; ஏழாவது அங்கே இருந்தது. பத்து வரி. அதை அப்படியே என் தாளில் எழுதிக்கொண்டு அட்டையைத் திரும்ப வைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்க வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பேராசிரியை என் தாளைத் தூக்கிப் பிடித்தார். எங்களை எல்லாம் 'வாங்க, போங்க' என்றே பேசும் அம்மா அவர்.

"ஏழாவது கணக்கை நிறையப் பேர் சுத்தி வளைச்சுப் போட்டிருக்கீங்க. சார் போட்டிருக்கிறதுல ஒரு வரிகூட வீண் இல்ல. சார், வந்து போர்டுல போட்டுக் காட்டுங்க."

போனேன். பத்து வரியும் மனப்பாடமாக இருந்தது. எழுதினேன். பெட்டி போட்டேன், மூடினேன்.

"நல்லாயிருக்கு. முடிவு முழுசும் பொய்னு எடுத்த எடுப்பிலேயே வச்சுக்கிட்டீங்களே, ஏன் அப்படித் தோணுச்சு? அதைச் சொன்னீங்கன்னா எல்லாருக்கும் உதவும்."

சாக்பீஸ் கையில் இருந்தது. நாற்பது பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது அந்தப் பத்து வரிதான்.

"சும்மா... தோணுச்சு மேடம்," என்றேன்.

"தோணுறதுக்கும் ஒரு வழி இருக்கும் சார். யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க." அவர் குரலில் ஏளனம் ஒன்றும் இல்லை. எனக்குக் காது சுட்டது.

திரும்பும்போது மெட்ரோவில் என் வகுப்புத் தோழன் பக்கத்தில் உட்கார்ந்தான். எர்ணாவூர்க்காரன், எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. என்னைவிட எட்டு வயது சின்னவன். சேர்ந்த முதல் நாளிலிருந்தே நான் அவனுக்கு மாமு.

"மாமு, அந்த ஏழாவது நீ போட்டதா?"

"நான்தான். பின்ன யாரு?"

"இல்ல, சொம்மா கேட்டேன். எனக்கு மண்டைல ஏறவே மாட்டேங்குது மாமு. பேஜாரா கீது. ஒரு நாள் உன் வூட்டாண்ட வர்றேன், சொல்லிக் குடு."

"அதுக்கென்ன, வா," என்றேன். வராமல் போனால் நல்லது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். என் நாற்காலியில். என் புத்தகம் அவள் முன்னால் விரிந்திருந்தது. நான் வந்ததைப் பார்த்துச் சட்டென்று எழுந்தாள்.

"உக்காருங்க. டீ போடறேன். இன்னைக்கு ஒரு சூப்பர் கணக்குங்க..."

"அப்புறம் பாக்கலாம்," என்றேன்.

திங்கட்கிழமை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒரு பீரோ உண்டு. அதில் வைத்துப் பூட்டினேன். மாலையில் அவள் கேட்டாள்.

"புக்கு எங்கங்க?"

"லைப்ரரி புக்கு. திருப்பிக் குடுத்துட்டேன்."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"வேற யாரோ எடுத்துட்டாங்க."

"ஓ," என்றாள். அவ்வளவுதான். போய் மெஷினில் உட்கார்ந்தாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். வீட்டில் டிக் இல்லை, அட்டை இல்லை, சிரிப்பு இல்லை. மெஷின் நிற்காமல் ஓடியது. அவள் பேச்சும் குறைந்தது. சாம்பாரில் இரண்டு நாள் உப்பே இல்லை. நான் அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மதியம், எர்ணாவூர்க்காரன் வந்துவிட்டான். கையில் நோட்டும் ஒரு பை நிறைய கொய்யாப்பழமும். அவள் கதவைத் திறந்தாள்.

"வணக்கம் அண்ணி. மாமு கீறாரா?"

மேசையில் உட்கார்ந்தோம். அவன் நோட்டைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"புக்க எடு மாமு. ஸ்கூல் பீரோல வச்சிக்கீறேன்னு போன வாரம் சொன்னியே, எடுத்தாந்தியா?"

மெஷின் நின்றது.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன், மேசையைப் பார்த்தேன். அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் எழுந்து வந்து மேசை ஓரத்தில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. என் முகத்துக்கு நேரே விரலை மடக்கினாள்.

"லைப்ரரில குடுத்திருந்தா பீரோல இருக்காது. பீரோல இருக்கு. அப்ப லைப்ரரில குடுக்கல." அடுத்த விரலையும் மடக்கினாள். "நீங்க சொன்னது பொய்னு வருதுங்க. ஏன் சொன்னீங்கன்னுதான் எனக்கு வரல. அதுக்கு இது பத்தாது."

எர்ணாவூர்க்காரன் எழுந்துவிட்டான். "நான் அப்புறமா வர்றேன் அண்ணி."

"உக்காருங்க தம்பி. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. எந்தக் கணக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினான். அதே ஏழாவது கணக்கு. அவள் என் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பிளவுஸும் தைச்சு முடிச்சிட்டேங்கறது இல்லன்னு வைங்க. அப்ப ஒண்ணு முடியல, இல்லன்னா இன்னொண்ணு முடியல. நமக்குத் தெரியுது. ஆனா எதுன்னு தெரியாது, அதான் கஷ்டம். குடுத்திருக்கிறது ஒரு 'இல்ல'. இந்த 'இல்ல'யப் பிச்சு உள்ள போக முடியாது தம்பி. எதையாச்சும் கொண்டுவந்து முட்ட விடத்தான் முடியும். முட்ட விடணும்னா எதிர்ல ஒண்ணு வேணும் இல்ல? அதுக்குத்தான் முடிவே பொய்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறது."

பேராசிரியை என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். அவர் திரும்பக் கேட்காவிட்டாலும், மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்தது. என் வீட்டில், என் மேசையில், இன்னொருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யப்பா," என்றான் அவன். "இன்னா அண்ணி, இப்பிடிப் புட்டுப் புட்டு வைக்கிறீங்க. தையல் தெரிஞ்சதால வருதோ?"

"தையலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வருது. அவ்ளோதான்."

அவன் பத்து வரியும் எழுதி முடித்தான். எழுதிய பிறகு நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். போர்டில் நான் எழுதிய அதே பத்து வரி அது. அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் நோட்டை மூடி, "வர்றேன் மாமு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் போனதும் அவள் கொய்யாப்பழங்களைக் கழுவினாள். நான் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"அந்த ஏழாவத உன் அட்டையப் பாத்துத்தான் எழுதினேன்," என்றேன்.

"தெரியும். அட்டைய மாத்தி வச்சிருந்தீங்க. எட்டாவதுக்குக் கீழ இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"உங்களுக்கு உதவினா சரின்னு விட்டுட்டேன். புக்க ஏங்க ஒளிச்சு வச்சீங்க?"

சொல்ல வேண்டியது ஒரு சொல். அவள் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

"பொறாமை," என்றேன்.

"யார் மேல?"

"உன் மேலதான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் அழுவாள். இரண்டும் இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பத்து வருசமா உங்க கூட இருக்கேன். பொறாமைப்படற அளவுக்கு என்கிட்ட ஒண்ணு இருக்குன்னு நீங்க சொல்லி இன்னைக்குத்தான் தெரியுது," என்றாள். பிறகு, "அதச் சொல்றதுக்கு ஒளிச்சு வைக்க வேண்டியிருந்துச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். துணி எடுக்கப் போனவள் இருட்டும் வரை இறங்கி வரவில்லை. நானும் மேலே போகவில்லை. போய் என்ன சொல்வது?

மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. அதற்கு மேல்தான் நூல்கண்டு வைத்தாள், கத்தரி வைத்தாள். ஒரு வாரம் அப்படியே கிடந்தது. எட்டாம் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு வந்தாள். கையில் ஒரு ஃபைல், உள்ளே பிளஸ் டூ மார்க் ஷீட்.

"நீங்க படிக்கற தொலைநிலைக் கல்விக்குத்தான் போயிருந்தேன். பி.எஸ்ஸி. கணக்குச் சேர முடியாதாம், பிளஸ் டூல கணக்குப் பாடம் எடுக்கலையே. பி.ஏ. தத்துவம் தரலாம்னாங்க. அதுல ரெண்டு வருசம் லாஜிக் இருக்காம். சேர்ந்துட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே."

"சொல்லிப் பாத்தேன். மனசுக்குள்ளதான். நீங்க என்ன சொல்வீங்கன்னு பேச்சுக்கு வச்சுப் பாத்தேன். எப்படிப் போனாலும் முட்டுச்சு. அதான் நானே போய்ட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி. நான் ஏதாவது ஒரு நியாயம் சொல்லி ஒரு வருடம் தள்ளிப் போட்டிருப்பேன்.

அந்தப் பருவத் தேர்வுக்கு அவளிடம் உட்கார்ந்து படித்தேன் என்று எழுத ஆசைதான். படிக்கவில்லை. என் வீம்பு விடவில்லை. எர்ணாவூர்க்காரன்தான் மூன்று நான்கு ஞாயிறு வந்து அவளிடம் கேட்டுப் போனான். அவர்கள் மேசையில் உட்கார்வார்கள். நான் உள்ளறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு விடைத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பேன். அவன் "ஆ! அப்பிடிப் போடு" என்று கத்தும்போது அவன் மேலும் பொறாமை வரும். பாதி புரிந்ததைக் குறித்துக்கொள்வேன். கதவுக்குப் பின்னாலிருந்து படித்து அறுபது மார்க் வாங்கினேன். மேசையில் உட்கார்ந்து படித்தவன் எண்பத்தைந்து.

வகுப்பில் பேராசிரியையிடமும் போய்ச் சொன்னேன். அந்த ஏழாவது கணக்கு என் மனைவி போட்டது, ஏன் அப்படித் தோன்றியது என்றும் அவளே சொன்னாள் என்று, அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டு, "இதை ஏன் சார் முதல்லயே சொல்லல?" என்றார். தேறிய பிறகுதான் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். மெஷின் இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது, ஆனால் மேசையில் அவளுக்கு ஒரு பக்கம் உண்டு. எனக்குப் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு கிடைத்துவிட்டது. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. காய்ச்சல் மாதிரி வந்து வந்து போகிறது. வரும்போது எனக்குத் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. "வந்துடுச்சா?" என்று கேட்பாள். "வந்துடுச்சு," என்பேன்.

போன மாதம் அவள் நேர்முக வகுப்பிலிருந்து வந்து சொன்னாள்: ஒரு கணக்கு யாருக்கும் வரவில்லையாம், இவளைக் கூப்பிட்டுப் போர்டில் போடச் சொன்னார்களாம், போட்டாளாம், கேள்விகளுக்குப் பதில் சொல்லி இருபது நிமிடம் வகுப்பையே நடத்தினாளாம். அம்புக்குள் அம்பு, அதற்குள் இன்னோர் அம்பு என்று ஒரே எழுத்தைச் சுற்றி வரும் கணக்கு. எழுதிக் காட்டினாள். விடையைக் காட்ட வந்தாள், நான் வேண்டாம் என்றேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எனக்கு ஓய்வாக இருந்த மூன்று பீரியடும் அதற்கே போயின. மூன்றாவது பீரியட் மணி அடிக்கும்போது வந்துவிட்டது. ரயிலில் இரண்டு முறை சரிபார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவளிடம் நீட்டினேன்.

அவள் மெஷினை நிறுத்தாமலே வாங்கிப் பார்த்தாள். பிறகு நிறுத்தினாள்.

"சரிதான். ரெண்டு வரி ஜாஸ்தி."

வாயில் வந்தது "சரியா இருந்தா போதாதா" என்பதுதான். அதை விழுங்கினேன்.

"எந்த ரெண்டு?" என்று கேட்டேன்.

அவள் நூல்கண்டுகளுக்கிடையில் பென்சிலைத் தேடி எடுத்து, ஆறையும் ஏழையும் அடித்தாள். ஏன் வேண்டாம் என்று சொன்னாள். அடிக்கும்போது எனக்கு வலித்தது. கேட்டு முடித்ததும் மேசையில் உட்கார்ந்து, மிச்ச வரிகளுக்குப் புதிதாக எண் போட்டு, திரும்ப எழுதினேன்.